துப்பறியும் ஆட்டத்தில் குற்றவாளியின் மனசைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடி. சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆறு பேர் கூடி மேசைக் கதையாட்டம் ஆடுவோம். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் ஜிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருளும். ஜிஎம் நான். மூன்று வருஷமாகத் துப்பறியும் கதைகள்தான் நடத்துகிறேன். புதிதாக ஜிஎம் ஆகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது 'ப்ரொஃபைலிங்' பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

உதாரணத்துக்கெல்லாம் போன வருஷம் நாங்கள் ஆடி முடித்த 'படப்பு' கதையையே எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கால்வாய்க் கரையில் நான் கற்பனையாக வைத்த ஓர் ஊர். பிசான அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பு போட்ட பங்குனி மாதம். நான்கு வாரத்தில் நான்கு படப்புகள் எரிகின்றன. எல்லாமே விடியுமுன், மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே. ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தொழுவத்து மாடுகள் அவிழ்க்கப்பட்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும்.

ப்ரொஃபைலிங் என்பது என்ன? எனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

ஆள் யாரென்று தெரியாதபோது, செய்த காரியத்தை வைத்து அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று ஊகிப்பது. அமெரிக்காவின் எஃப்பிஐ 1972-இல் குவாண்டிகோவில் இதற்கென்று ஒரு பிரிவு தொடங்கியது. அந்தப் பிரிவினர் பின்னர் சிறையில் இருந்த 36 கொலையாளிகளைப் பேட்டி கண்டார்கள். சினிமாவில் நாம் பார்க்கும் 'சுவரில் போட்டோ ஒட்டி முறைத்துப் பார்க்கும் அதிகாரி' எல்லாம் அந்த வழி வந்தவர்கள்தான்.

ஆட்டத்துக்கு அதைவிடப் பயன்படும் கதை நியூயார்க்கில் நடந்தது. ஜார்ஜ் மெட்டெஸ்கி என்பவர் 1940 முதல் 16 வருஷம் நகரெங்கும் குண்டு வைத்துக்கொண்டிருந்தார். 1956-இல் போலீஸார் ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவரைக் கேட்டார்கள். ஆள் பிடிபடும்போது இரட்டை மார்பு கோட்டைப் பொத்தான் போட்டுத்தான் உடுத்தியிருப்பான் என்று அவர் சொன்னதாகவும், அப்படியே நடந்ததாகவும் ஒரு கதை. எல்லோருக்கும் அந்தக் கோட்டுதான் ஞாபகம். ஆளைப் பிடித்துக்கொடுத்தது கோட்டு இல்லை. மின்சாரக் கம்பெனியில் எழுத்தராக இருந்த ஆலிஸ் கெல்லி, பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே போய், குண்டுக்காரனின் கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகளை ஒரு கோப்பில் கண்டார். 1931-இல் வேலையில் அடிபட்டு, நஷ்டஈடு மறுக்கப்பட்டவரின் கோப்பு அது. கம்பெனிமேல் மனக்குறை உள்ள ஒருவன் என்ற ஊகம் எந்த அலமாரியைத் திறப்பது என்று காட்டியது. திறந்து வாசித்தது ஒரு பெண்மணியின் பொறுமை.

என் மேசையிலும் ப்ரொஃபைலுக்கு இவ்வளவுதான் வேலை: எந்த அலமாரி என்று காட்ட வேண்டும்.

"மனசைப் படிக்கிறேன்" என்று இருபது பக்க டைஸை உருட்டி, இருப்பதிலேயே பெரிய எண்ணான 20 விழுந்துவிட்டது. ஆள் யாரென்று சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த நிமிஷமே கதை செத்துப்போகும். 20 விழுந்தவருக்கு நான் கொடுப்பது ஒரு நல்ல கேள்வி.

மூன்றாவது படப்பு எரிந்த காலை. எங்கள் குழுவில் ஓர் அக்கா, நிஜத்தில் செவிலியர். அவருடைய பாத்திரம் சப்-இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாள். கல்லூரித் தம்பி ஒருவன் தலையாரி இசக்கி. அக்கா உருட்டினார், 20. மாடியே கூச்சல்.

"சொல்லுங்க அண்ணாச்சி, யாரு அவன்?"

"கயிறு அறுக்கல. முடிச்சை அவுத்திருக்கான். இருட்டு. மாடு ஒண்ணுகூட கத்தல. இது எவ்வளவு நேரத்து வேலை?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பிதான் முதலில் துள்ளினான். "ஏ, தெரியாத ஆளுன்னா மாடு முட்டித் தள்ளிருக்கும்லா! அவன் கை மாட்டுக்குப் பழகின கை." அக்கா விடவில்லை. "கொளுத்துறவனுக்கு மாடு வெந்தா என்ன, வேகாட்டி என்ன? இவனுக்கு வீட்டுக்காரன் மேலதான் கோவம். மாட்டு மேல இல்ல."

இதில் ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் டைஸ் ஜெயித்திருக்கும். கேள்வியைச் சொன்னதால் அக்காவும் தம்பியும் ஜெயித்தார்கள். எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்றும் உண்டு: செய்தவன் எதைச் செய்யாமல் விட்டான்? படப்புக்குப் பத்தடியில் நெல் மூட்டை கிடந்தது. அதைத் தொடவில்லை. திருட வந்தவன் இல்லை என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று.

டைஸ் காலை வாரினால்? துப்பே கிடைக்காமல் நின்றுவிடாதா?

நிற்கும். நான் முதலில் நடத்திய கதை அப்படித்தான் ஒரு கதவுக்குப் பின்னால் செத்தது. நான்கு பேரும் உருட்டினார்கள், நான்கு பேருக்கும் சிறிய எண். சாவியை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இதற்கு மருந்து ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ என்ற விதிமுறையில் இருக்கிறது. கதை நகரத் தேவையான துப்பு, சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினாலே கிடைத்துவிடும், டைஸ் வேண்டாம். நான் அதை என் வசதிக்கு வளைத்துக்கொண்டேன். துப்பு எப்படியும் கையில் வரும், என்ன விலைக்கு என்பதை டைஸ் சொல்லும். எண் குறைந்தால் ஒரு நாள் வீணாகும், ஊர்க்காரர்களில் ஒருவர் கோபித்துக்கொள்வார், இன்னொரு படப்பு எரியும். நான்காவது படப்பு எரிந்தது இப்படித்தான்.

எங்கள் ஆட்டக்காரர்கள் எழுதும் ப்ரொஃபைல் ஊரில் எல்லோருக்கும் பொருந்துகிறது. என்ன செய்ய?

"அவன் வெளியே அமைதியானவன். உள்ளுக்குள் கோபக்காரன். சின்ன வயதில் ஏதோ ஒரு குறை இருந்திருக்கும்." இதுதானே? இந்த வர்ணனையில் நானும் அடங்குவேன், நீங்களும் அடங்குவீர்கள்.

கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவர் கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, "உன் மனசுல ஒரு விசாரம் கிடந்து அரிக்கி, வீட்டுல ஒரு காரியம் தடைபட்டு நிக்கி" என்று குறி சொல்வார். கேட்டவர் அப்படியே உருகிப்போவார். தடைபடாத காரியம் உள்ள வீடு இந்தத் தாமிரபரணிக் கரையில் எங்கே இருக்கிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்குத் தனித்தனியாக எழுதியதுபோல் ஒரே வர்ணனையைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலேகாலுக்கு மேல்.

இதைவிடக் கொடூரமான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே, கள்வர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டிலும் தேர்ந்தவர்கள் என்று விரிவுரை நடத்துகிறான். எவ்வளவு நல்லவனாகத் தெரிகிறானோ அவ்வளவு பெரிய கள்வன் என்று ஆகிவிடுகிறது. பொய் என்று காட்ட வழியே இல்லாத ப்ரொஃபைல். கோவலன் உயிர் போனது. காவலர்களின் தயக்கமும் லட்சணம் பார்த்து வந்ததுதான் என்பதைச் சேர்த்துக் கவனியுங்கள். முடிவு சரி, வழி தப்பு.

மேசையில் நான் வைத்திருக்கும் வழி புளியமுத்து. ஆளுக்கு ஐந்து முத்து. ஒரு ஊகத்தைச் சொன்னால் அதன்மேல் முத்து வைக்க வேண்டும். கூடவே 'எது தெரியவந்தால் இந்த ஊகம் பொய்' என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாவிட்டால் முத்து வைக்க முடியாது. "கோபக்காரன்" என்பது இந்த விதியில் உடனே விழுந்துவிடும். "அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் யாரும் ஏனென்று கேட்காத ஆள்" என்பது நிற்கும். ஊகம் சரியானால் முத்து இரட்டிப்பு, டைஸ் உருட்டும்போது செலவழிக்கலாம். தப்பானால் முத்து என் பக்கம் வரும். அதை வைத்து நான் என்ன செய்வேன் என்பதில்தான் அவர்களுக்குப் பயம்.

குற்றவாளிகளைத் 'திட்டமிட்டுச் செய்பவன்', 'தாறுமாறாகச் செய்பவன்' என்று இரண்டாகப் பிரிக்கலாமா?

எஃப்பிஐ பிரித்தது. உளவியலாளர் டேவிட் கான்டரும் அவருடைய குழுவும் 2004-இல் அமெரிக்கத் தொடர்கொலையாளிகள் நூறு பேரின் குற்றங்களை எடுத்துப் பார்த்தபோது அப்படி இரண்டு கூடை தெரியவில்லை. திட்டமிட்ட அடையாளங்கள் பெரும்பாலும் எல்லோரிடமும் இருந்தன. பாத்திரத்தின் விவரம் எழுதும் தாளில் (கேரக்டர் ஷீட்) இப்படி ஒரு கட்டம் இருந்தால் அடித்துவிடுங்கள்.

தப்பான ஆளைப் பிடிக்கப் போகிறார்கள். ஜிஎம் தடுக்கலாமா?

நான் தடுக்கவில்லை. அதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கற்பனை ஊரில் கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே ஓர் ஆள் படுத்திருப்பார். தனக்குத்தானே பேசுவார், பீடிக்குத் தீப்பெட்டி வைத்திருப்பார். ஊருக்கு ஓர் உயிர்க்களை வேண்டும் என்று நான் சும்மா வைத்த ஆள். நான்கு புளியமுத்துக்களை அவர்மேல் வைத்துவிட்டார்கள். கயிற்று முடிச்சு, பழகின கை எல்லாம் காற்றில் போயிற்று. இசக்கி ஊரில் போய் ஒரு வார்த்தை விட்டான். நான் அந்த நான்கு முத்தையும் எடுத்து மேசை நடுவில் வைத்தேன். சாயங்காலம் ஊர் அவரை மின்கம்பத்தில் கட்டிவைத்தது. மறுநாள் விடியுமுன் அடுத்த படப்பு எரிந்தது. அவரை அவிழ்த்துவிட்ட காட்சியில் அக்கா, "போதும், கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

இது கற்பனையில் மட்டும் நடப்பதில்லை. 1992-இல் லண்டன் விம்பிள்டன் திடலில் ரேச்சல் நிக்கெல் என்ற பெண் கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளரின் ப்ரொஃபைல் தனியே வாழ்ந்த ஒரு மனிதருக்குப் பொருந்தியதாகப் போலீஸுக்குப் பட்டது. ஒரு பெண் போலீஸை நட்பாகப் பழகவிட்டு அவர் வாயைக் கிளறினார்கள். 1994-இல் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கியெறிந்தார். உண்மையான கொலையாளி ராபர்ட் நாப்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2008-இல். நடுவே 1993-இல் அவன் இன்னொரு தாயையும் நாலு வயதுக் குழந்தையையும் கொன்றிருந்தான்.

2002-இல் வாஷிங்டன் வட்டாரத்தில் யாரோ மறைந்திருந்து ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, சுடுகிறவன் தனியாளான ஒரு வெள்ளைக்காரன் என்று டிவியில் பலரும் கணித்தார்கள். ஊரே வெள்ளை வேனைத் தேடியது. வந்தது நீல நிற செவ்ரோலே கார். உள்ளே இருந்தது கறுப்பினத்தவர் இருவர், ஒருவனுக்குப் பதினேழு வயது.

ஆகவே தடுக்க வேண்டாம். ஆனால் விலையை மறைக்கவும் வேண்டாம். தப்பான ஆளைப் பிடித்தால் அவர் கதையில் தொடர்ந்து இருக்க வேண்டும். எங்கள் கதையில் அந்த ஆள் அப்புறம் யாரோடும் பேசவில்லை. அவருக்குத்தான் உண்மையில் தீ வைத்தவனைத் தெரியும், தினமும் பாலத்தின்மேல் கால் சத்தம் கேட்டிருக்கிறார். கேட்க யாருக்கும் முகம் இல்லை.

இன்னொன்று. மனநிலை சரியில்லாதவரைக் குற்றவாளியாக வைப்பது ஜிஎம்களின் சோம்பேறித்தனம். காரணம் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா, "அவன் பைத்தியம்" என்றால் தீர்ந்தது. நான் வைப்பதில்லை.

ப்ரொஃபைலில் சாதி, தெரு, ஊர் போடலாமா? நம்ம பக்கத்தில் அதில்லாமல் கதை நம்பும்படி இருக்குமா?

கதையில் சாதி இருக்கலாம். இல்லாததுபோல் எழுதினால்தான் பொய். ப்ரொஃபைலில் மட்டும் கூடாது.

பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்று சொன்ன ப்ரொஃபைல் ஒன்றைச் சட்டமாகவே இந்த நாடு பார்த்திருக்கிறது. 1871-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்மவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். சமூகம் முழுதையும் பதிவு செய்து, கைரேகை எடுத்து, ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்கச் சொல்லும் சட்டம். நெல்லைச் சீமையும் தப்பவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுக்க 1952-இலும் நீங்கியது. அந்த ஸ்டேஷன் திண்ணையில் படுத்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கு என் மாடியில் உட்கார்ந்து டைஸ் உருட்டுகிறார்கள். இந்த மாவட்டத்தில் பள்ளிப் பையன் கையில் என்ன நிறக் கயிறு என்று பார்த்தே கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஆட்டத்தில் நான் ஏன் சொல்லித்தர வேண்டும்?

விதி எளிது. ப்ரொஃபைல் தாளில் வினை மட்டும் எழுதலாம். 'அவிழ்த்தான்', 'காத்திருந்தான்', 'தொடாமல் விட்டான்'. 'இன்னார்' என்று எழுதக்கூடாது. முதல் இரண்டு வாரம் திக்கித் திணறுவார்கள், பிறகு பழகிவிடும். ஊகமும் கூர்மையாகும், இது நான் எதிர்பார்க்காதது.

பழைய நெல்லைச் சீமையில் துப்புக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. களவுபோன மாட்டையோ நகையையோ கண்டுபிடிக்க உதவுகிறவருக்குக் கொடுக்கும் பணம். துப்புச் சொல்கிறவருக்கும் களவுக்கும் என்ன உறவு என்று யாரும் அழுத்திக் கேட்பதில்லை. கதைக்கு இது பொன்னான சரக்கு. துப்புச் சொல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூலி, ஒரு காரணம் வையுங்கள்.

வரைபடம் வைத்துக் குற்றவாளி வீட்டைக் கணிக்கலாமா?

தொடர்குற்றவாளிகளில் பலர் வீட்டைச் சுற்றியே செயல்படுகிறார்கள். 1986-இல் லண்டனில் ரயில் நிலையங்களையொட்டிக் குற்றங்கள் செய்த ஜான் டஃபியைப் பற்றி கான்டர் கணித்தபோது, குடியிருக்கும் வட்டாரமும் பொருந்தியது. மேசையில் ஆட்டக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பென்சிலும் வட்டமும் கையில் இருப்பதால்.

நம்ம ஊரில் ஒரு திருத்தம் மட்டும். வட்டம் போடாதீர்கள், நடந்து பாருங்கள். ஆற்றுக்கு அக்கரை வீடு கல்லெறி தூரத்தில் இருக்கும், பாலம் சுற்றி வர அரை மணி நேரம். கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கும் மாதத்தில் ஊர் ஒரு வடிவம், அடைத்த மாதத்தில் வேறு வடிவம். எங்கள் கதையில் பங்குனியில் கால்வாய் வற்றிவிட்டதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். நான்கு வாரம் கழித்துத்தான் ஒருவருக்கு உறைத்தது.

நார்கோ டெஸ்ட் எடுத்து, அதாவது மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேசவைத்து, உண்மையை வாங்கிவிடுகிறேன் என்கிறார் ஒருவர்.

சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய்யறியும் கருவி, மூளை வரைவுச் சோதனை எதுவும் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலமும் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படாது. அவரை ஒரு கோர்ட் காட்சிக்கு அனுப்புங்கள்.

ரத்தம், வன்கொடுமை எல்லாம் எவ்வளவு விவரிக்கலாம்?

முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மேசைக்கு வரவே கூடாதவை எவை, நடந்தது என்று சொன்னால் போதும் என்பவை எவை. எங்கள் மேசை நடுவே ஒரு சிரட்டை கவிழ்த்து வைத்திருப்போம். யார் வேண்டுமானாலும் அதை நிமிர்த்தலாம். நிமிர்த்தினால் காட்சி நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என் மேசையில் இல்லவே இல்லை, யார் கேட்டாலும். தீ, களவு, மொட்டைக் கடிதம், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை இவற்றிலேயே பத்து வருஷத்துக்குக் கதை கிடக்கிறது.

குற்றவாளி யாரென்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டுமா?

ஆடுகிறவர்களே விடையை உருவாக்கிக்கொள்ளும் விதிமுறைகளும் உண்டு, அவையும் சுவைதான். ப்ரொஃபைலிங் உள்ள கதைக்கு மட்டும் நான் முன்பே எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். விடை மாறிக்கொண்டே இருந்தால் ஊகம் தப்பவே முடியாது, மறுபடி குறி சொல்லும் கதைதான்.

ஆனால் 'யார்' என்பதைப் பெரிய ரகசியமாக வைக்காதீர்கள். வில்லுப்பாட்டில் யார் யாரை வெட்டினார் என்பது பந்தலில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, அந்த நிலைமைக்கு அவன் எப்படி வந்தான் என்று கேட்கத்தான்.

எங்கள் உறைக்குள் இருந்தவர் வீடு வீடாகப் போய்ப் பால் கறந்து கொடுத்தவர். மூன்றரை மணிக்குக் கையில் வாளியோடு நடந்தால் யாரும் ஏனென்று கேட்காத ஆள். தண்ணீர் கலந்தார் என்று ஐந்து வீட்டார் கையெழுத்துப் போட்டுப் பால் சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். வேலை போயிற்று. கடைசியில் அக்காதான் சங்கத்துப் புகார் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து கையெழுத்து. எரிந்தது நான்கு படப்பு. ஐந்தாவது வீட்டுத் தொழுவத்தில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். அவர் வந்து முதலில் செய்தது, கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தது. தம்பி அவரைப் பிடிக்க எழுந்திருக்கவே இல்லை. டைஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன சாமான் வேண்டும்?

ஜிஎம் தவிர நான்கு பேர் போதும், ஐந்துக்கு மேல் ஆளாளுக்குக் கத்துவார்கள். ஒரு உட்காருகைக்கு மூன்று மணி நேரம். இருபது பக்க டைஸ் ஒன்று, ஒரு நோட்டு, ஒட்டிய உறை, சிரட்டை, இருபத்தைந்து புளியமுத்து. முத்தைக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எறும்பு வரும்.